மேகலாவை எந்த வகுப்பில் சேர்த்தாய்?

தாம்பரம் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
13.7.1987

கெங்கம்மாளுக்கு அண்ணி பார்வதம் எழுதுவது.

சௌக்கியம் என்று எழுதினால் பொய். ஊசி குத்திக் குத்தி இடுப்பு மரத்துப் போயிருக்கிறது. இருமல் பாதி குறைந்திருக்கிறது, எடை ஏறவில்லை. இதையெல்லாம் உன் அண்ணன் சொல்லியிருப்பார். அவர் என்னிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "கொயந்தை பேஜாரில்லாம கீது பார்வதம். தயாவும் அதுவும் ஒண்ணா ஸ்கூலுக்குப் போவுதுங்க, ஒண்ணாவே குந்திகினு படிக்குதுங்க" என்றார். ஒன்றாகப் போவது சரி. ஒன்றாக எப்படிப் படிக்கும்? உன் மகன் தயாளனுக்கு மூன்றரை வயது. என் மேகலாவுக்கு ஐந்தரை. அதைக் கேட்டதும் மனுஷனுக்கு முழி பிதுங்கிவிட்டது. "அது இன்னாவோ ஒரே ஹாலாம், எல்லாம் ஒண்ணா இருக்குமாம், கெங்கா பாத்துக்கும் வுடு" என்று பழத்தை என் வாயில் திணித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டார்.

கெங்கா பார்த்துக்கொள்ளும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மே மாதம் நான் இங்கே வந்து படுத்தபோது, அவருக்கு ஷிப்டு மாறி மாறி வரும், பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் திண்டாடுவார் என்றுதான் உன்னிடம் விட்டேன். ஆவடியில் யூ.கே.ஜி. முடித்தவள் அவள். நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியவளை மூன்று வயதுக் குழந்தைகளோடு எதற்காக உட்கார வைத்தாய்? பெயில் ஆக்கிவிட்டார்களா? இல்லை, உன் பிள்ளை தனியாகப் போக அழுகிறான், துணைக்கு ஒருத்தி கிடைத்தாள் என்று அனுப்புகிறாயா? பக்கத்துக் கட்டில் நாகம்மாவும் இதையேதான் கேட்கிறாள்.

நான் படுத்துக் கிடக்கிறேன் என்பதற்காக என் மகளுடைய ஒரு வருஷத்தை யாரும் முழுங்க விடமாட்டேன். உடனே பதில் எழுது.

பார்வதம்


அயனம்பாக்கம்
21.7.1987

அண்ணிக்கு கெங்கம்மாள் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன். நீங்கள் நோயாளி, திருப்பித் திட்டக்கூடாது என்று உங்கள் தம்பி (என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன், கஜபதிக்கு உங்கள் மேல் எப்போதும் மரியாதை) சொன்னதால் கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் மகளை யாரும் பெயில் ஆக்கவில்லை. இங்கே ஏரிக்கரைத் தெருவில் பொன்னியம்மா டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். போர்டில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கிறது. ஒரே பெரிய ஹால். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் எல்லாம் அதே ஹாலில்தான். எல்.கே.ஜி., யூ.கே.ஜி. என்று தடுப்பு கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு பாயை விரித்துக்கொண்டு அதனதன் வேலையைப் பார்க்கும். எங்கள் தெருவில் நடந்து போகிற தூரத்தில் இருப்பது அது ஒன்றுதான். நீங்கள் ஆசைப்படுகிற அம்பத்தூர் கான்வென்ட்டில் சேர்த்தால் தினம் இரண்டு பஸ் மாற்றி யார் கூட்டிக்கொண்டு போவது? அண்ணனா?

எனக்கும் முதலில் சந்தேகம்தான். "இன்னா டீச்சர் இது, சந்தைக் கடை மாதிரி எல்லாத்தையும் கலந்து வுட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "வீட்ல எல்லாரும் ஒரே வயசா இருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு மேல் அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுக்க முடியாது, முகத்தை அப்படி வைத்துக்கொள்வார்கள்.

துணைக்கு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது மனதில் தைத்துவிட்டது. என் பிள்ளைக்கு ஒரு துணி எடுத்தால் அவளுக்கும் எடுக்கிறேன். நாங்கள் பாரிவாக்கத்தில் நாற்று நட்ட ஜனம், பத்தாவது படித்த உங்களைப் போல விவரம் எங்களுக்கு இல்லை என்று நீங்கள் எப்போதும் நினைப்பதுதான். நினைத்துக்கொள்ளுங்கள்.

மேகலா நன்றாகச் சாப்பிடுகிறாள். போன மாதம் ஆஸ்பத்திரியில் சொன்னபடி ஆவடியில் அவளுக்குக் கையில் ஊசி வைத்துப் பார்த்து, நெஞ்சுப் படமும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று அண்ணன் சொல்லியிருப்பார். மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கெங்கம்மாள்


தாம்பரம்
3.8.1987

கெங்கம்மாளுக்கு,

நாற்று நட்டதைப் பற்றி நான் எங்கே பேசினேன்? நீயே ஒன்றை இழுத்துப் போட்டு நீயே கோபித்துக்கொள்கிறாய். கேட்ட கேள்வியிலிருந்து நழுவுகிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

நேற்று உன் அண்ணனைக் கட்டிலில் உட்கார வைத்து வக்கீல் மாதிரி கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினார். மேகலா அங்கே ஒரு சின்னப் பையனுக்கு நிக்கர் பொத்தான் போட்டு விடுகிறாளாம். மூக்குத் துடைத்து விடுகிறாளாம். அவன் தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்து வந்து துடைக்கிறாளாம். "நம்ம பொண்ணு பெரிய மனுஷியாட்டம் எல்லாம் செய்யுது" என்று இவருக்குப் பெருமை வேறு! ஆயா வைத்துக்கொள்ள மனமில்லாத டீச்சர் என் மகளை ஆயாவாக்கி வைத்திருக்கிறாள். அதற்கு நீ உடந்தை. நம் ஜனத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தத் துடைக்கிற வேலையா, இல்லை மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் துடைக்கிறார்களா? அதை மட்டும் சொல்.

உன் டீச்சர் வீட்டைக் காட்டிப் பேசினாளே, நானும் ஒன்று கேட்கிறேன். பெரியதைப் பார்த்துச் சின்னது கற்றுக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். சின்னதைப் பார்த்துப் பெரியது எதைக் கற்றுக்கொள்ளும்? மூக்கு ஒழுகுவதையா? இதற்குப் பதில் சொல்லச் சொல் அவளை. உன் தயாவுக்கு லாபம், அந்தப் பொத்தான் பையனுக்கு லாபம். என் மகளுக்கு என்ன?

இந்த வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். என் கண்ணால் பார்க்க முடியாது என்ற தைரியம் எல்லோருக்கும். நீயும் இத்தனை நாளில் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

பார்வதம்


அயனம்பாக்கம்
12.8.1987

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்காக அந்தப் பள்ளிக்கூட ஜன்னலில் போய்த் திருடி மாதிரி நின்றேன். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

டீச்சர் ஒரு மூலையில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தவில்லை, குச்சி இல்லை. இவ்வளவு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இவ்வளவு சத்தம்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது, மிரட்டி வைத்திருப்பார்களோ என்று. இல்லை, பேசிக்கொண்டுதான் இருந்தன. தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருக்கிற ரகுநாதன் சார் வீட்டுப் பையன், ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறவன், ஆறு வயது. அவன்தான் அன்றைக்குத் தரை துடைத்துக்கொண்டிருந்தான். உங்கள் கேள்விக்குப் பதில் அது. கொட்டினவன் துடைக்க வேண்டும், அவனுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவன் ஒருத்தன் கூட நின்று காட்ட வேண்டும். ஜனம் கினம் ஒன்றும் இல்லை. எனக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது, அதனால்தான் முதலில் அதைப் பார்த்தேன்.

நம் மேகலாவும் அந்தச் சின்னப் பையன் சுலைமானும் ஒரு பாயில் இருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் மகன், இப்போதுதான் மூன்று வயது முடிந்தது. இவள் எண் சொல்லச் சொல்ல அவன் பதினைந்து மணிகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட வேண்டும். இவள் வழக்கம்போல ரயில் ஓட்டினாள். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு, பதினஞ்சு." முடிந்தது என்றாள். அவன் கையில் ஒரு மணி மிச்சம். அதை நீட்டி, "இது?" என்றான். இவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஒன்று மிச்சம். அவனும் விடவில்லை, "இது?" மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் பதின்மூன்று அவள் வாயில் வந்தது. முகம் எப்படி மாறிற்று தெரியுமா அண்ணி! நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, நீங்களும் நானும், அவள் பதின்மூன்றை விட்டுவிட்டுத்தான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவ்வளவு வேகத்தில் யார் கவனித்தோம்?

சின்னதைப் பார்த்துப் பெரியது எதைக் கற்றுக்கொள்ளும் என்று கேட்டீர்கள். அதை என் கண்ணால் பார்த்தேன்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்கள். "உள்ள வந்து பாருங்கம்மா, ஜன்னல்ல எதுக்கு?" என்றார்கள். மானம் போயிற்று. நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். "தெரியும்னு நினைக்கறது வேற, இன்னொருத்தருக்குப் புரியற மாதிரி காட்டறது வேற. காட்டும்போதுதான் தனக்கு எது தெரியலைன்னு தெரியும்" என்றார்கள். அப்புறம், "ஆனா மேகலா அந்தச் சின்னவனை விட்டு நகரவே மாட்டேங்கறா. நான் சொல்லல, அவளா போறா. வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்கள். உலை வைத்திருக்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அதை விடுங்கள்.

தயா இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான். லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

கெங்கம்மாள்


தாம்பரம்
31.8.1987

கெங்கம்மா,

வளைத்துக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். உன் அண்ணனுக்கு வேறு எங்கே குடும்பம் இருக்கிறது?

நேற்று வந்தார். புதுச் சட்டை. சிரித்துக்கொண்டே, "இன்னா கூத்து பாரு பார்வதம், நேத்து கொயந்தையை ஸ்கூல்ல வுடப் போனேன், அந்த டீச்சரம்மா என்னைப் பாத்து, 'கொழந்தை பொறந்துடுச்சா சார்'ன்னு கேக்குது. மேகலா வேற, 'தம்பிப் பாப்பா எப்ப வரும் நைனா'ன்னு பையைப் புடிச்சு இழுக்குது. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். அவருக்குப் புரியவில்லையாம்! யாரோ ஒருத்திக்குப் பிரசவ நாள் நெருங்கியிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கே தெரிந்திருக்கிறது, என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. ஆம்பிளை ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னால்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும் என்று நாகம்மா சொல்கிறாள்.

போன கடிதத்தில் டீச்சர் "வீட்ல விசேஷமா" என்று கேட்டாள் என்று எழுதிவிட்டு, "அதை விடுங்கள்" என்று மூடினாயே, அதை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

இப்போது எல்லாம் விளங்குகிறது. அந்த ஹாலில் அவளைச் சின்னக் குழந்தைகளோடு பழக்குவதே இதற்குத்தான். நான் எழுந்து வரமாட்டேன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். நாளைக்கு வரப்போகிறவளுடைய பிள்ளைக்கு என் மகள் மூக்குத் துடைக்க வேண்டும், பொத்தான் போட வேண்டும், தூக்கிச் சுமக்க வேண்டும். அதற்கு இப்போதே பாடம் நடக்கிறது. நல்ல பள்ளிக்கூடம், நல்ல அத்தை.

நான் சாகவில்லை கெங்கம்மா. நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

பார்வதம்


அயனம்பாக்கம்
3.9.1987

அண்ணி, அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் அண்ணனுக்கு ஒரு குடும்பத்தையே ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை, இரண்டாவது எங்கே ஓட்டுவார்? அந்தச் சட்டை ஆடித் தள்ளுபடியில் நான் எடுத்துக் கொடுத்தது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என் மேல்.

நீங்கள் பிரசவத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று சொன்னவள் நான்தான்.

ஜூன் மாதம் சேர்க்கப் போனபோது டீச்சர், "பொண்ணோட அம்மா எங்க?" என்று கேட்டார்கள். எனக்குப் பின்னால் சுலைமானுடைய அம்மா கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நாலு பேர் குழந்தைகளோடு நின்றார்கள். டி.பி. என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஒரே ஹாலில் மூன்று வயதுப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்கிற இடம். இந்தப் பெண்ணுடைய அம்மாவுக்கு அந்த நோய் என்று தெரிந்தால், மேகலாவுக்கு ஒன்றும் இல்லை என்று நான் தலைகீழாக நின்றாலும் நம்புவார்களா? அன்றைக்கே கையைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார்கள். அதனால் சட்டென்று, "பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வரும்போது கேட்டாள்: "அத்தே, நெஜமாவே அம்மா பாப்பா எடுத்துகினு வருமா?" அந்த இடத்தில் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். அவள் போய் டீச்சரிடம் உளறிவிடுவாளோ என்று பயந்து, "ஆமாண்டி" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் சுலைமானைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் சொல்லவில்லை அண்ணி, சத்தியமாகச் சொல்லவில்லை. அங்கே யாரோடு உட்காருவது என்பது பிள்ளைகள் இஷ்டம். அந்த ஹாலிலேயே சின்னது எதுவோ அதைப் பார்த்து இவள் போனாள். பழகிக்கொள்கிறாள். வீட்டில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "அத்தே, கயுத்தை இப்டிப் புடிக்கணுமா, அப்டிப் புடிக்கணுமா?" என்று கேட்கிறாள். "அம்மாவுக்கு ஒடம்பு முடியாது இல்ல, நான்தான பாப்பாவைப் பாத்துக்கணும்" என்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வார்டுக்கு வராததற்குக் காரணம் வேலை இல்லை. பயம். எனக்கு ஒட்டிக்கொண்டு, என்னிடமிருந்து தயாவுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று. உங்கள் மகளை என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறேன், ஆனால் உங்களைப் பார்க்க வரத் தைரியம் இல்லை. திட்டுங்கள்.

இப்போது என்ன செய்வது? சொல்லுங்கள்.

கெங்கா


தாம்பரம்
9.9.1987

கெங்கம்மாளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு யோசித்தேன். அந்த வரிசையில் நானே நின்றிருந்தால் டி.பி. என்று சொல்லியிருப்பேனா? பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாவது சொல்லியிருப்பேன். பிரசவம் என்று சொல்லியிருக்கமாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். வேறு பொய்யே கிடைக்கவில்லையா உனக்கு?

உன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் வந்தால் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கிறேன்.

சளியில் கிருமி இல்லை என்று இந்த மாதம் சொன்னார்கள். தீபாவளி கழித்து வீட்டுக்குப் போகலாம், மாத்திரை மட்டும் தொடர வேண்டும். இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பிள்ளைப் பேச்சே எடுக்கக்கூடாது என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார். எப்படியும் நான் வெறுங்கையோடுதான் வருவேன். வாசலில் நிற்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாளா, கையைப் பார்ப்பாளா? அதை நினைத்தால் வீட்டுக்குப் போகிற சந்தோஷமே போய்விடுகிறது. அவளுக்கு நான் தேவையா, இல்லை நான் கொண்டு வருகிற பாப்பாதான் தேவையா என்றுகூடச் சந்தேகம் வருகிறது. பெற்ற மகளைச் சந்தேகப்படுகிறேன் பார்.

மேகலாவிடம் நீ ஒன்றும் சொல்லாதே. அதை நான் சொல்ல வேண்டும். ஆனால் டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடு. இத்தனை சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் மறைப்பது தப்பு. சொன்ன பிறகு என் மகளைத் தனியாக மூலையில் உட்கார வைத்தால், அந்த நிமிஷமே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடு. படிப்பே வேண்டாம்.

பார்வதம்


அயனம்பாக்கம்
24.9.1987

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு போய், நின்றுகொண்டே சொன்னேன். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "மூணு மாசமா என்கிட்ட பொய் சொல்லிட்டு, அந்தக் கொழந்தைகிட்டயும் சொல்லியிருக்கீங்களே" என்றார்கள். நோய்க்குக் கோபமில்லை, பொய்க்குத்தான். ஆஸ்பத்திரியில் மேகலாவைப் பார்த்த டாக்டர் யார், எப்போது பார்த்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். மறுநாள் அவர்களே அந்த ஆவடி டாக்டரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். "பயமில்லை, வரட்டும்" என்றார்கள். அவ்வளவுதான்.

நான் நம்பவில்லை. வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். அந்த வாரம் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். தனியாக வைக்கிறார்களா, அவள் தம்ளரை ஒதுக்குகிறார்களா என்று பார்த்தேன். டீச்சர் அவள் கையைப் பிடித்து உப்புத்தாளில் வெட்டி ஒட்டின எழுத்தின் மேல் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள் அவர்களே ஜன்னலுக்கு வந்து, "போதுமா?" என்றார்கள்.

இன்னொரு சேதி. சுலைமானுக்கு இப்போது இவள் வேண்டாம். பொத்தான் போடப் போனால், "நானே!" என்று கையைத் தட்டிவிடுகிறான். முதல் நாள் இவளுக்கு முகம் தொங்கிவிட்டது. என்னிடம் வந்து, "அவன் பெர்சாயிட்டான் அத்தே" என்றாள், பிள்ளையை வேலைக்கு அனுப்பின தாய் மாதிரி. அதற்கப்புறம் பெரிய பிள்ளைகள் பக்கம் நகர்ந்துவிட்டாள். நேற்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாரும் கேட்காமல், பஸ் போர்டில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பூந்தமல்லி. எனக்கு அழுகை வந்துவிட்டது, பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.

பாப்பாவைப் பற்றிக் கேட்பதை மட்டும் விடவில்லை. தினமும் கேட்கிறாள். நான் பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் திரும்பிக்கொள்கிறேன்.

கெங்கா


ஆவடி குவார்ட்டர்ஸ்
15.11.1987

என் கெங்காவுக்கு,

நீ மேகலாவை அண்ணனோடு அனுப்பிவிட்டு நீ வராமல் இருந்துவிட்டாய். பயத்தினால் இல்லை, நாங்கள் மூன்று பேரும் தனியாக இருக்கட்டும் என்றுதான், தெரியும். இந்த ஒரு தடவை உன்னைச் சந்தேகப்படவில்லை.

காலையில் வந்தாள். உயரமாகிவிட்டாள். வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், என்னைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "பாப்பா தூங்குதாம்மா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்! ஒன்றும் வரவில்லை. "பாப்பா இல்லடி கண்ணு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்தேன். அத்தை பயந்துகினு அப்படிச் சொல்லிட்டாங்க" என்றேன். "எப்பவுமே இல்லியா?" என்றாள். "இப்ப இல்ல" என்றேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், சின்னப் பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. உன் அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை கெங்கா. அறைக்குள் போய்ப் பாயை எடுத்து வந்தாள். என்னிடமிருந்து ஒரு கை தள்ளி விரித்தாள். கொடியில் காய்ந்த துணிகளைக் கொண்டு வந்து போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். என் புத்தி எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா? கிட்டே போகாதே, அம்மாவைத் தொடாதே என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். டீச்சரை நினைத்தேன். பொய் சொல்வானேன், உன்னையும் நினைத்தேன்.

தாங்க முடியாமல் கேட்டே விட்டேன். "ஏண்டி, அம்மாகிட்ட வரமாட்டியா? யாரு சொன்னாங்க வரக்கூடாதுன்னு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "புச்சா வந்தவங்க அயுவாங்கம்மா. அயும்போது போய்ப் புடிக்கக்கூடாது, பயந்துக்குவாங்க. கிட்ட குந்திகினு நம்ம வேலைய நாம பாக்கணும். அவங்களுக்கே வேணும்னா கைய நீட்டுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் பழைய ஜாக்கெட்டை எடுத்து, கையை உள்ளே மடித்து, சுருக்கத்தைத் தடவித் தடவி வைத்தாள்.

"எவ்ளோ நேரம் குந்திகினு இருப்பே?" என்றேன்.

"நீட்ற வரைக்கும்" என்றாள்.

இந்த வீட்டில் நான்தான் புதிதாக வந்தவள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதம் கழித்து வந்திருக்கிறேன், அடுப்புக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவள் என்னைவிடப் பெரியவளாக அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அவளை இந்த மார்ச் வரைக்கும் அந்த ஹாலில்தான் விட வேண்டும். ஆவடியிலிருந்து பஸ்ஸில் நானே அழைத்து வருகிறேன், டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்கிறார். டீச்சரிடம் நானே பேசிக்கொள்கிறேன். எனக்குக் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது, அந்த அம்மாளைத் தயாராக இருக்கச் சொல்.

கையை நீட்டினேன் கெங்கா. பிடித்துக்கொண்டாள். அப்படியே சாய்ந்து, இந்தப் பட்டப்பகலில் என் மடியில் தூங்கிவிட்டாள். இன்னும் விடவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை இல்லை, எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துப் படித்துக்கொள்.

பார்வதம்